நான்காவது க்ளிப்

வேன் கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது.

டிக். டிக். டிக்.

ஞாயிற்றுக்கிழமை காலை. காந்தி வீதியில் சந்தைக்காரர்கள் கடை விரிக்கத் தொடங்கியிருப்பார்கள் என்று, எங்கள் உப்பளம் பகுதியிலிருந்து கிளம்பியதுமே வேன்காரர் அந்துவான் அண்ணன் வண்டியைக் கடற்கரைப் பக்கத்துப் பழைய பிரெஞ்சுக்காரர் தெருக்களுக்குள் விட்டுவிட்டார். அந்த நேரத்தில் அங்கே நாய்கள்கூட எழுந்திருக்காது. இரண்டு பக்கமும் உயரமான மஞ்சள் மதில்கள். தெருவில் எழும் எந்தச் சத்தமும் மதிலில் பட்டு நம்மிடமே திரும்பி வரும். சந்தை வழியாகப் போயிருந்தால் எனக்குக் கேட்டிருக்குமா என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஆனால் பாதியிலேயே நிறுத்திவிடுவேன்.

வண்டிக்குள் பதினான்கு பேர் இருந்தோம். அதில் மூன்று குழந்தைகள். என் அண்ணன் சரவணனுக்குத் திருவண்ணாமலை தாண்டி ஓர் ஊரில் பெண் முடிவாகி, பூ வைக்கப் போய்க்கொண்டிருந்தோம். ஆளுக்கொரு தட்டு மடியில். என் மடியில் பெண்ணுக்கு எடுத்த புடவைத் தட்டு, அம்மா மடியில் ஈரத்துணியில் சுற்றிய மல்லிகை. வண்டி முழுக்க அந்த வாசனை. பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே முக்கால்வரை நல்ல நேரம்.

நான் ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சத்தம் என் காலுக்குச் சற்று முன்னாலிருந்து வந்தது. வண்டி வேகம் கூடினால் டிக்டிக் நெருங்கியது. வேகம் குறைந்தால் விலகியது.

"அந்துவானண்ணா, முன் சக்கரத்துல ஏதோ சத்தம் வருது."

"கல்லு மாட்டியிருக்கும் பாப்பா. போவப் போவ வுழுந்துடும்."

"கல்லு மாதிரி இல்லண்ணா. இரும்புல இரும்பு படுற மாதிரி இருக்குது. லேசா ஒரு தடவ பிரேக் புடிங்களேன்."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சின்னப் பெண் சொல்கிறாளே என்று, சிரித்துக்கொண்டேதான் காலை வைத்தார். சத்தம் நின்றது. காலை எடுத்தார். மறுபடி டிக், டிக்.

நான் முன்னால் குனிந்து அவர் சீட்டைப் பிடித்தேன்.

"வண்டிய நிறுத்துங்கண்ணா."

நாலு, நாலு, நாலு, ரெண்டு

அப்போது நான் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேக் பேடுகளைப் பெட்டியில் அடுக்குவதுதான் என் வேலை.

பிரேக் பேட் என்பது உள்ளங்கை அகல இரும்புத் தகடு. அதன்மேல் கரிய நிறத்தில் கெட்டியான ஒரு பட்டை ஒட்டியிருக்கும். சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுற்றுகிறதல்லவா, அதை இரண்டு பக்கமும் இரண்டு பேடுகள் கவ்விப் பிடித்தால் வண்டி நிற்கும். பேடுகள் இடத்தைவிட்டு எழும்பாமல் இருக்க, அவற்றின் ஊடே விரல் நீளத்தில் இரண்டு பின்கள் செல்லும். அந்தப் பின் கழன்று வெளியே வராமல் இருக்க, அதன் நுனியில் உள்ள துளையில் ஒரு கம்பி க்ளிப். பார்ப்பதற்குக் கொண்டை ஊசியேதான்.

இரண்டு முன் சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரு பெட்டி. நாலு பேட், நாலு பின், நாலு க்ளிப், பேடுகளை அழுத்திப் பிடிக்க ரெண்டு ஸ்ப்ரிங். "நாலு, நாலு, நாலு, ரெண்டு" என்று நாங்கள் எட்டுப் பெண்களும் நாள் முழுக்க வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருப்போம். தூக்கத்திலும் இதையே சொன்னதாக அம்மா சொல்வார்.

சாயங்காலம் கேட்டில் சோதனை செய்துதான் வெளியே விடுவார்கள். ஒருநாள் வேலை மும்முரத்தில் முன்முடி கண்ணில் விழ, கையிலிருந்த க்ளிப்பைத் தலையில் செருகிக்கொண்டு மறந்துவிட்டேன். சோதனை செய்த அக்காவுக்கும் அது ஊசியாகவே தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து தலை வாரும்போது கையில் அகப்பட்டது. வேலை போய்விடும் என்று அன்றிரவு சோறு இறங்கவில்லை. மறுநாள் கொண்டுபோய் சூபர்வைசரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்து, "ஒனக்கு நல்லாதான் இருந்திருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். அவ்வளவுதான்.

இன்னொரு சம்பவத்தில் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் வரிசையிலிருந்து போன ஒரு பெட்டியில் மூன்று க்ளிப்தான் இருந்ததென்று வடக்கே எங்கிருந்தோ புகார் வந்தது. எட்டுப் பேரையும் நிற்க வைத்துவிட்டார்கள். ஒரு க்ளிப்புக்கா இவ்வளவு என்று எங்களுக்கு எரிச்சல். புதிதாக வந்திருந்த எஞ்சினியருக்கும் எங்கள் வயதுதான் இருக்கும். அவர் சக்கரத்தின் பிரேக் பாகத்தைக் கொண்டுவந்து மேசையில் பொருத்தினார். க்ளிப் போடாமல் ஒரு பின்னை மட்டும் செருகினார். பிறகு மரச்சுத்தியால் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தார்.

பின் நகர்ந்தது. மழை நாளில் மண்ணைவிட்டு மண்புழு வெளிவருமே, அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. பிறகு கீழே விழுந்தது. ஸ்ப்ரிங் தளர்ந்தது. பேட் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ரோடு இதவிட வேகமா தட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் முறைவைத்து எங்கள் எல்லோரையும் பொருத்திப் பழகச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்கு எனக்குக் கை வந்துவிட்டது. ஆனால் ஒன்று. அந்த ஞாயிற்றுக்கிழமைவரை, ஓடுகிற வண்டியின் சக்கரத்துக்குள் அதை நான் பார்த்ததே இல்லை.

நடுத்தெருவில்

அந்துவான் அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். முன்சீட்டில் இருந்த பெரியப்பா திரும்பினார். அப்பா போன பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாம் அவர் தலைமையில்தான்.

"இன்னாம்மா, கெளம்பும்போதே?"

"பிரேக்ல கோளாறு இருக்கு பெரியப்பா. சக்கரத்தக் கழட்டிப் பாக்கணும்."

"சக்கரத்தயா? தட்டோட உக்காந்துகிட்டு இருக்கறோம். பொண்ணு வூட்டுல நேரம் சொல்லியிருக்காங்க."

அந்துவான் அண்ணனின் முகம் சிவந்துவிட்டது. அவர் எங்கள் தெருக்காரர். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர். அவர்கள் வீட்டில் பிரேக்குக்குப் பெயர் ஃப்ரேன். அந்த வேன் அவருக்குப் பிள்ளை மாதிரி; வாரம் ஒருமுறை மெழுகு போட்டுத் துடைப்பார்.

"நேத்துதான் புது பேடு போட்டேன். ஒங்க வூட்டு விசேஷம்னுதான் போட்டேன். மெக்கானிக் கல்யாணத்துக்குப் போயிட்டான், நானே ஒக்காந்து மாத்துனேன். இருவது வருஷமா வண்டி ஓட்டறேன் பாப்பா."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. வண்டியில் இருந்த எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. சத்தம் வேறு எதுவாகவாவது இருந்தால்? கல்லே மாட்டியிருந்தால்? நல்ல நேரத்தைத் தப்பவிட்டவள் என்ற பெயர் காலத்துக்கும் நிற்கும். எனக்கு இருபத்துமூன்று வயது. அதுவரை எங்கள் வீட்டில் நான் எதையும் நிறுத்தச் சொன்னதில்லை.

"போட்டீங்கண்ணா. ஆனா பிரேக் புடிச்சா நிக்குது, வுட்டா வருது. அது பின்னு. எனக்குத் தெரியும்."

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சரவணன் அண்ணன் கீழே இறங்கிக்கொண்டிருந்தான். அவன் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுபவன். அதிர்ந்து பேசமாட்டான்.

"எனக்குப் பூ வைக்கத்தான போறோம்? நான் சொல்றேன். எல்லாரும் எறங்குங்க. பாத்துட்டே போவலாம்."

உள்ளே இருந்தது

எல்லோரும் இறங்கி மதிலோரம் தட்டுகளோடு வரிசையாக நின்றார்கள். ஏதோ ஊர்வலம் என்று நினைத்து, நடைப்பயிற்சி போன வெள்ளைக்காரர் ஒருவர் கைகூப்பிவிட்டுப் போனார்.

பின்பக்கச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கி ஏற்றி, அந்துவான் அண்ணன் முதலில் வலது சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்தைத் திருப்பி மதிலில் சாய்த்தபோதே நான் பார்த்துவிட்டேன். உள்பக்க வளையத்தில் சுற்றிலும் பளபளவென்று ஒரு புதுக்கீறல்.

பிறகு பிரேக்கைப் பார்த்தேன். மேல் பின் ஒழுங்காக இருந்தது. கீழ்ப் பின் பாதிக்குமேல் வெளியே வந்துவிட்டது. அதன் தலைதான் சக்கரத்தில் உரசிக்கொண்டிருந்தது. ஸ்ப்ரிங் ஒரு பக்கம் தூக்கி நிற்க, பேட் கோணலாகச் சாய்ந்திருந்தது. பின்னை இரண்டு விரலால் தொட்டேன். இழுக்கக்கூட இல்லை, கையோடு வந்துவிட்டது.

நுனித் துளை காலியாக இருந்தது.

அந்துவான் அண்ணன் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"போடும்போது ஒண்ணு துள்ளிப் போயிடுச்சு பாப்பா. வாசல் முழுக்கத் தேடுனேன். கெடைக்கல. மூணு இருக்கே, தாங்கும்னு வுட்டுட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோபப்பட வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் மேசைமேல் சுத்தியால் தட்டிக் காட்டுகிறவரை நானும் அப்படித்தானே நினைத்தேன்? ஒரு க்ளிப்தானே என்று.

"இப்பவே தெரிஞ்சிடுச்சில்ல அண்ணா. வுடுங்க" என்றேன்.

பெரியப்பா குனிந்து, வெளியே வந்த பின்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். மதிலோரம் நின்ற மூன்று குழந்தைகளையும் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, இப்ப இன்னா செய்யலாம்?" என்று கேட்டார். அதை என்னிடம் கேட்டார்.

கொண்டை ஊசி

வேறு வண்டி பிடிக்கலாமென்றால் முகூர்த்த நாள். நகரத்தில் ஒரு வேன் சும்மா இல்லை. அந்துவான் அண்ணன் நாலைந்து பேருக்குப் போன் போட்டுப் பார்த்தார்.

"கட்டுக்கம்பி இருக்குது, முறுக்கி வுட்டுடலாமா?" என்று தயங்கிக் கேட்டார்.

அதற்குள் அம்மா தன் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி என்னிடம் நீட்டினார். "இதானடி நீ சொல்ற மாதிரி இருக்குது? இது ஆவாதா?"

மல்லிகைச் சரம் சரிந்து அம்மாவின் தோளில் தொங்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆவாதும்மா. இது இளக்கம். அது ஸ்ப்ரிங் மாதிரி இரும்பு, போட்டா கவ்விப் புடிக்கும். கம்பியும் வேணாம்ணா. சூட்டுல இளகி அறுந்துடும். அதேதான் வேணும்."

பெரியப்பா அந்துவான் அண்ணனின் போனை வாங்கிப் பெண் வீட்டுக்குப் பேசினார். அவர்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. பக்கத்து வீட்டுக்குப் போட்டு, பெண்ணின் அப்பாவைக் கூப்பிடச் சொல்ல வேண்டும். அவர் வருவதற்கு வெகுநேரமானது.

"சம்பந்தி, வண்டியில பிரேக்கு கொஞ்சம் கோளாறு. பாத்துகிட்டு இருக்கறோம். லேட்டாவும் போலத் தெரியுது…"

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. பெரியப்பா போனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்கன்னாரு. வெச்சுட்டாரு."

"அவ்ளோதானா?" என்றார் அம்மா.

"அவ்ளோதான்."

பூசை முடியும்வரை

உதிரிபாகக் கடை ஞாயிற்றுக்கிழமை திறக்காது. கடைக்காரர் லூர்துசாமி அந்நேரம் மாதா கோயிலில் ஞாயிறு பூசையில் இருப்பார் என்று அந்துவான் அண்ணனுக்குத் தெரியும். ஆட்டோ பிடித்து இருவரும் போனோம். அவர் மட்டும் போனால் வேறு அளவு எதையாவது வாங்கிவந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

பட்டுப்புடவையும் குங்குமமும் கையெல்லாம் கரியுமாகக் கோயிலின் கடைசி வரிசையில் நின்றேன். பாட்டு நடந்துகொண்டிருந்தது. அந்துவான் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு, தூண் ஓரமாகப் பதுங்கிப் பதுங்கி முன்னால் போனார். பீடத்தில் கொடுக்கும் நன்மை அப்பம் வாங்க நின்ற வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரிய மனிதரின் காதில் ஏதோ சொன்னார். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு பீடத்தைப் பார்த்தார். அந்துவான் அண்ணன் திரும்பி வந்தார்.

"நன்மை வாங்கிட்டு வர்றாராம்."

வாங்கினார். வரவில்லை. முழங்காலில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். கடைசி ஆசீர்வாதம் வேறு பாக்கி இருந்தது. அதற்குமுன் சாமியார் அந்த வாரத்து அறிவிப்புகளைப் படித்தார். அன்று அறிவிப்புகள் நிறைய. எனக்கு யாரிடம் வேண்டிக்கொள்வதென்று தெரியவில்லை, எல்லோரையும் வேண்டிக்கொண்டேன்.

கடையின் ஷட்டரைத் தூக்கும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. லூர்துசாமி ஒரு பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து, தேடி ஒரு க்ளிப்பை எடுத்துக் கொடுத்தார். கழற்றிய பின்னை நான் கையோடு கொண்டுபோயிருந்தேன். துளையில் போட்டுப் பார்த்தேன். லொடலொடவென்று ஆடியது.

"இது இல்லீங்க. இது சன்னமா இருக்குது."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. எல்லாரும் இதான் வாங்கிட்டுப் போறாங்க."

"இல்லீங்க. பாருங்க." பின்னைத் தலைகீழாகப் பிடித்து மேசையில் இரண்டு தட்டுத் தட்டினேன். க்ளிப் கழன்று விழுந்தது.

அவர் க்ளிப்பை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்கம்மா வேல செய்யிற?"

"சேதராப்பட்டுல. இந்தப் பெட்டிய அடுக்குறதே நாங்கதான்."

அவர் நாற்காலி போட்டு ஏறி, மேல் அலமாரியிலிருந்து சீல் உடைக்காத பொட்டலம் ஒன்றை எடுத்தார். அது சரியாக உட்கார்ந்தது. சொடக்குப் போடுகிற மாதிரி ஒரு சின்ன ஒலி. தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கேட்டுச் சலித்த ஒலிதான். அன்று அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாலா எடுத்துக்க. எல்லாத்தயும் புதுசா போட்டுடு" என்றார் லூர்துசாமி.

பொருத்தினோம்

அம்மா என் புடவைமேல் ஒரு துண்டைக் கட்டிவிட்டார். தெருவில் மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

முதலில் பழைய துணியால் பேட் உட்காரும் இடத்தைத் துடைத்தேன். கை எண்ணெயாக இருந்ததால், பேடின் கரிய பக்கத்தில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்தேன். இரண்டு பேடுகளின் கரிய பக்கமும் இரும்புத் தட்டைப் பார்த்தபடி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். மேல் பின்னைச் செருகி அதன் க்ளிப்பைப் போட்டு, ஸ்ப்ரிங்கை அதன் கீழே நுழைத்து, ஸ்ப்ரிங்கின் மறுமுனையை விரலால் அழுத்திப் பிடித்தபடி கீழ்ப் பின்னைச் செலுத்தினேன். இந்த இடத்தில்தான் கை நழுவும்; அந்துவான் அண்ணனுக்கு க்ளிப் துள்ளியதும் இங்கேதான் இருக்கும். பின்னைத் திருகி, துளை தெரிகிற மாதிரி வைத்து, க்ளிப்பை உள்ளே தள்ளினேன்.

சொடக்.

ஆட்டிப் பார்த்தேன். இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

"இந்தப் பக்கம் ஆச்சு. அதயும் கழட்டுங்கண்ணா."

"அதுல ரெண்டு க்ளிப்பும் இருக்குது பாப்பா."

"இருக்கட்டும். பாத்துடுவோம்."

அவர் மறுபேச்சில்லாமல் இடது சக்கரத்தைக் கழற்றினார். இருந்தது. ஆனால் ஒரு க்ளிப் பாதிதான் ஏறியிருந்தது. அவரே குனிந்து பார்த்துவிட்டு, வாய்க்குள் "மோன் தியே" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டார். புதிதைப் போடும்போது நான் விலகிக்கொண்டு, "நீங்களே போடுங்கண்ணா" என்றேன். அவர் போட்டார். ஒலி கேட்டது. என்னைப் பார்த்துத் தலையாட்டினார். காலையிலிருந்து அப்போதுதான் அவர் முகத்துக்கு ரத்தம் திரும்பியது.

கிளம்புவதற்குமுன் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பேடை அசைத்ததால் முதல் இரண்டு மிதிக்குக் கால் உள்ளே போனது. மூன்றாவது மிதி கெட்டியானது. பிறகு தெருக்கோடிவரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார். நாங்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். டயர் உருளும் சத்தம்; மதிலுக்கு அந்தப் பக்கம் காக்கை. வேறு ஒன்றும் இல்லை.

வழியெல்லாம், பெண் வீட்டார் "சரிங்க" என்று போனை வைத்துவிட்டார்களே என்பதுதான் எல்லோர் மனத்திலும். செஞ்சிக்கு முன்னால் ஒரு வளைவில், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று வயலிலிருந்து நேராகச் சாலைக்கு ஏறிவிட்டது. அந்துவான் அண்ணன் முழுக்காலையும் ஊன்றினார். தட்டுகளிலிருந்த ஆப்பிள்கள் உருண்டன. வண்டி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுக்காமல் நேராகப் போய் நின்றது. டிராக்டருக்கும் எங்களுக்கும் நடுவே இரண்டு ஆள் நீளம் இருந்திருக்கும். டிராக்டர்க்காரர் ஒன்றுமே நடக்காதது மாதிரி வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டார்.

சற்று நேரம் கழித்து முன்சீட்டிலிருந்து பெரியப்பா கேட்டார்: "இப்ப வண்டியப் புடிச்சது அந்த க்ளிப்பா?"

"புடிச்சது பேடு பெரியப்பா. பேட வுடாம வெச்சிருந்தது க்ளிப்பு."

அவர் கையைப் பின்னால் நீட்டி என் தலையை ஒருமுறை தொட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

"வந்தீங்களே"

போய்ச் சேரும்போது பன்னிரண்டரை. நல்ல நேரம் போய், எமகண்டம் நடந்துகொண்டிருந்தது.

ஊருக்குள் திரும்பும் இடத்தில், வெயிலில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. குடைகூட இல்லை. பெண்ணின் அப்பா. எங்கள் வண்டியைக் கண்டதும் அவர் கையை அசைக்கவில்லை, எதிரே வரவுமில்லை. பக்கத்திலிருந்த மைல் கல்லைப் பிடித்துக்கொண்டார்.

பெரியப்பா இறங்கிப் பதறிப்போய்ப் பேசினார். "மன்னிச்சுக்குங்க சம்பந்தி. எமகண்டத்துல வந்து நிக்கறோம். இங்கயே மரத்தடியில இருக்கறோம், ஒன்றரைக்குமேல வூட்டுக்கு வர்றோம்…"

"எமகண்டமா?" என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. "வந்தீங்களே. அது போதும். ஏறுங்க, போவலாம்."

வீட்டில் பந்தல் இருந்தது. ஆட்கள் இல்லை. வாசலில் கோலத்தின்மேல் யாரோ நடந்து கலைத்திருந்தார்கள். அடுப்படியில் அண்டாவைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒரு பெண்மணி "வந்துட்டாங்க" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினார். அவ்வளவுதான், பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

கை கழுவ என்னைக் கிணற்றடிக்கு அனுப்பினார்கள். அங்கே சாதாரண நூல் புடவையில் ஒரு பெண் நின்றிருந்தாள். தலையில் பூ இல்லை. கண்கள் வீங்கியிருந்தன. அவள்தான் கோமதி, எங்கள் அண்ணி ஆகப்போகிறவள் என்று, புகைப்படத்தில் பார்த்திருந்ததால் எனக்குத் தெரிந்தது.

என் கையைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் கரி. தேங்காயெண்ணெயும் சீயக்காயும் எடுத்துவந்து, நான் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் என் விரல்களைத் தேய்த்துவிட ஆரம்பித்தாள்.

"நெஜமாவே வண்டிதான் ரிப்பேரா?" என்று குனிந்தபடியே கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. "ஆமா. ஏங்க?"

"போன வருஷம் ஒரு எடத்துல முடிவாகி, பூ வைக்கற அன்னிக்கு இதே மாதிரிதான் போன் வந்துச்சு. வண்டி ரிப்பேர், லேட்டாவும்னாங்க. சாயங்காலம்வரைக்கும் காத்துகிட்டு இருந்தோம். வரவே இல்ல." தண்ணீரை என் கையில் ஊற்றினாள். "இன்னிக்குக் காலையில பக்கத்து வூட்டுல போன் பேசிட்டு வந்து, அப்பா ஒண்ணுமே சொல்லல. சமையக்காரர அனுப்பிட்டாரு. நான் பொடவய மாத்திட்டேன். அப்பறம் அவரு மட்டும் சட்டயப் போட்டுகிட்டுப் போயி ரோட்டுல நின்னுகிட்டாரு. எத்தினி தடவ கூப்புட்டும் வரல."

காலையில் அந்த "சரிங்க" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வழியெல்லாம் நாங்கள் என்னவெல்லாம் பயந்தோம்! அந்தப் பக்கம் அவர்கள் எங்களைவிடப் பயந்திருக்கிறார்கள்.

நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டிக்டிக் சத்தம், அம்மாவின் கொண்டை ஊசி, கோயிலில் படித்த அறிவிப்புகள். அறிவிப்புகளைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். முதலில் வாயை மூடிக்கொண்டு, பிறகு மூடாமல்.

"கரி போயிடுச்சா பாருங்க" என்று என் கையைத் திருப்பினாள்.

"போவாது. ரெண்டு நாளாவும்."

"அப்ப இருக்கட்டும்" என்றாள்.

ஒன்றரை மணிக்குமேல் பூ வைத்தோம். மல்லிகை கொஞ்சம் வாடியிருந்தது. அம்மா சரத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். வைக்க வேண்டியது நாத்தனார்தானே. கோமதி நான் கொண்டுபோன புடவையில் மணையில் உட்கார்ந்திருந்தாள். கரி படிந்த விரல்களால் வைப்பதா என்று நான் தயங்கினேன். அவள் தலையைக் குனிந்துகொடுத்தாள். கூடத்தில் நின்ற அவளுடைய அப்பா, எல்லோரும் பார்க்க, தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.